நிலாவுக்குப் போன டிரைவர்

ஞானமணியின் வீட்டில் குழம்பு எப்போதும் ஆறிப்போய்விடும். அதற்குக் காரணம் அவளுடைய அப்பா இயேசுதாசன்.

அவர் சித்தூரில் ஓர் அரசாங்க ஆபீசில் கிளார்க். ஞானமணி அவரை நைனா என்று கூப்பிடுவாள். எது கையில் கிடைத்தாலும் படிப்பார். பூந்தி மடித்து வந்த காகிதத்தைக்கூட எண்ணெய்க் கறையோடு வெளிச்சத்தில் பிடித்து முழுக்கப் படிப்பார். படித்ததை யாரிடமாவது சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சொல்ல ஆரம்பித்தாலோ மற்றவர்களுக்குச் சோறு ஆறிவிடும்.

"மணி, இந்த மிளகாய் இருக்குதே, இது நம்ம நாட்டுச் செடியே இல்ல, தெரியுமா? கடல் தாண்டிக் கப்பல்ல வந்தது. அதுக்கு முன்னாடி எல்லாரும் மிளகு போட்டுத்தான் குழம்பு வெச்சாங்க."

"கப்பல்ல வந்தவங்களைக் காக்க வைக்காதீங்க. சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க" என்பாள் அம்மா கிருபாபாய்.

"பாரு மணி, நாம வீட்ல தமிழ் பேசறோம். கடையில தெலுங்கு பேசறோம். ஆபீஸ்ல இங்கிலீஷ்ல எழுதறோம். ஒரு நாளைக்கு மூணு பாஷை! கோபம் வந்தா எந்த பாஷை வரும்னு யோசிச்சிருக்கியா?"

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல நீங்க சாப்பிடலைன்னா எனக்கு மூணும் சேர்ந்து வரும்" என்பாள் அம்மா.

அந்த வருடம் 1969. அப்பாவின் பேச்சில் மிளகாய், பாஷை, அரசியல் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒன்று முன்னால் வந்து நின்றது. நிலா! ஜூலை மாதம் அமெரிக்காவிலிருந்து மூன்று பேர் ராக்கெட்டில் ஏறி நிலாவுக்குப் போகப்போகிறார்கள். பேப்பரில் வந்த ஒவ்வொரு செய்தியையும் அப்பா படித்தார். நிலா எவ்வளவு தூரம், அங்கே ஏன் காற்று இல்லை, அங்கே குதித்தால் எவ்வளவு உயரம் போகலாம் என்று எல்லாம் சொன்னார்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டவர் ஒருவர்தான். அடுத்த வீட்டு நாகையா தாத்தா.

நாகையா தாத்தா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தெலுங்குக்காரர். தமிழும் நன்றாகப் பேசுவார். மனைவி இறந்துவிட்டார். மகள் கல்யாணமாகிக் குப்பம் என்ற ஊரில் இருந்தாள். தாத்தாவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பகலில்கூட எல்லாமே புகைக்குள் இருப்பது போலத்தான் அவருக்குத் தெரியும். அதனால் தினமும் மாலையில் சுவரைத் தடவிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்காருவார். அப்பா அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார். செய்தி ஒரு பங்கு என்றால், அதைப் பற்றி அப்பாவின் பேச்சு மூன்று பங்கு.

திருப்பதியில் ஒரு சத்திரத்தில் கண் முகாம் நடக்கிறது, இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள் என்ற செய்தியும் அந்தப் பேப்பரில்தான் வந்தது.

"நாகையா, கண்ணுங்கிறது ஒரு கேமரா" என்று அப்பா ஆரம்பித்தார். "உள்ள ஒரு கண்ணாடி இருக்குது. உங்களுக்கு அது திரிஞ்ச பால் மாதிரி ஆயிடுச்சு. அதை எடுத்துட்டு, வெளிய ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டிக்கினா ஆச்சு! ஊசி போட்டுடுவாங்க. கத்தி படறதே தெரியாது."

"ஊம்" என்றார் தாத்தா.

மறுநாளும் அப்பா விளக்கினார். அதற்கு மறுநாளும் விளக்கினார். கடைசியில் தாத்தா, "சரி சார். நீங்க கூட வர்றதா இருந்தா வரேன்" என்றார்.

அப்பா உடனே ஆபீசுக்கு லீவு போட்டார். தாத்தாவின் மகள் பிரசவித்துப் படுத்திருந்ததால் குப்பத்திலிருந்து யாரும் வர முடியவில்லை.

திருப்பதிக்குக் கிளம்ப நாலைந்து நாட்களே இருந்தபோதுதான் அது நடந்தது.

சர்ச்சில் நடந்த வாலிபர் கூட்டத்தில் 'நிலாவில் மனிதன்' என்று பேசும்படி அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஏற்கெனவே சளி. கூட்டம் ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் சடசடவென்று ஒரே சத்தம். மைக்கும் வேலை செய்யவில்லை. வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா மழையோடு போட்டி போட்டுக்கொண்டு கத்திக் கத்திப் பேசினார். ராக்கெட் நிலாவை நெருங்கும்போது அவர் குரல் கீச்சென்றது. பிறகு காற்று மட்டும் வந்தது.

டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "குரல் வர்ற இடம் வீங்கிப் போயிருக்கு. இருபத்தஞ்சாம் தேதி காலையிலதான் நீங்க வாயைத் திறக்கணும். அதுவரைக்கும் ரகசியம் பேசறதுகூடக் கூடாது. மீறிப் பேசினா குரல் திரும்பி வரும்னு நான் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகக் காலண்டரிடம் போனார். பதினாறாம் தேதியைத் தொட்டார். அன்றைக்குத்தான் ராக்கெட் கிளம்புகிறது. இருபத்தைந்தைத் தொட்டார். அதற்குள் அவர்கள் நிலாவுக்குப் போய்த் திரும்பியே வந்துவிடுவார்கள். அப்பா ஞானமணியைத் திரும்பிப் பார்த்தார். தேர்த் திருவிழா அன்று காய்ச்சலில் படுத்த பிள்ளையின் முகம் அது.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்பாடா! கொஞ்ச நாளைக்காவது சூடா சாப்பிடலாம்."

சூடாகத்தான் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது தட்டுச் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. பல்லி சத்தம் கேட்டது. இரண்டாம் நாளே அம்மா ஞானமணியின் பழைய சிலேட்டையும் பலப்பத்தையும் எடுத்து வந்து அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

"ஏங்க, சும்மா ஏதாவது எழுதிக் காட்டுங்களேன். வீடு வீடாவே இல்ல" என்றாள்.

அன்று மாலை நாகையா தாத்தா வந்தபோது ஞானமணிதான் பேப்பர் படித்தாள். தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"பாப்பா, உன் நைனாகிட்ட சொல்லு. நான் திருப்பதிக்கு வரல."

அப்பா துள்ளி எழுந்தார். சிலேட்டில் கண்ணின் படத்தை வேகமாக வரைந்தார். உள்ளே கண்ணாடியை வரைந்தார். அம்புக்குறி போட்டார். அதைத் தாத்தாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். தாத்தாவுக்குத்தான் கண் தெரியாதே! நினைவு வந்ததும் மெல்லச் சிலேட்டைக் கீழே இறக்கினார்.

ஞானமணி தாத்தாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, உங்களுக்குக் கத்தின்னா பயமா?"

"கத்தியா? பஸ் கண்ணாடி உடைஞ்சு இந்தக் கையில குத்தினப்போ நானே பிடுங்கிப் போட்டுட்டு வண்டி ஓட்டினவன். எனக்கு இன்னா கத்தி பயம்?"

"அப்ப வேற எது பயம்?"

தாத்தா வேட்டி நுனியைத் திருகினார்.

"ரெண்டு கண்ணையும் கட்டிப் போட்டுடுவாங்களாம். ஒரு வாரம் மல்லாக்க அப்படியே படுத்துக்கினு இருக்கணுமாம். இப்பவாவது புகை மாதிரி ஏதோ தெரியுது. கட்டிட்டா ஒண்ணுமே இல்ல. பக்கத்துல ஆள் இருக்குதா, விட்டுட்டுப் போயிட்டாங்களான்னு எப்படித் தெரியும்? உன் நைனா வந்தா பேசிக்கினே இருப்பாரு. அவர் குரல் கேட்டா, சரி, ஆள் இருக்குதுன்னு தைரியமா இருக்கும். அதை நம்பித்தான் வரேன்னு சொன்னேன். இப்ப அவரும் பேச முடியாது."

அப்பா சிலேட்டில் இருந்த படத்தை அழித்தார். இத்தனை நாளும் கத்தியைப் பற்றி அல்லவா அவர் விளக்கிக்கொண்டிருந்தார்!

"நானும் வரேன் தாத்தா" என்றாள் ஞானமணி. "நைனா பக்கத்துல இருப்பாரு. நான் பேசறேன்."

"நீ இன்னா பேசுவே?"

"நைனா பேசறதெல்லாம் பேசுவேன். தினமும் கேக்கறேனே!"

தாத்தாவின் மீசை அசைந்தது. "மிளகாய் கப்பல்ல வந்துச்சே, அதுவும் தெரியுமா?"

"மனப்பாடம்" என்றாள் ஞானமணி.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. "பள்ளிக்கூடம் என்ன ஆகும்?" என்று கேட்டாள். அப்பா சிலேட்டில் எழுதினார்: 'பாடத்தை நான் சொல்லித் தருவேன்.'

"எப்படி? சைகையிலயா?"

அப்பா யோசித்தார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டிலில் ஊறுகாயும் ஒரு டப்பா நிறைய முறுக்கும் போட்டு அனுப்பினாள்.

பதினாறாம் தேதி ராக்கெட் கிளம்பியது. அடுத்த நாள் காலையில் இவர்கள் பஸ்சில் கிளம்பினார்கள். வழியெல்லாம் தாத்தா எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, "இப்ப கியர் மாத்தியிருக்கணும்" என்று டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

சத்திரத்தின் பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மலை தெரிந்தது. மறுநாள் தாத்தாவுக்கு ஆபரேஷன் ஆனது. இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு, தலை அசையாதபடி இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்க வைத்தார்கள்.

நர்ஸ் ரத்னம்மா கண்டிப்பாகச் சொன்னாள். "தலை அசையக் கூடாது. எழுந்து உட்காரக் கூடாது. கட்டுல கையே வைக்கக் கூடாது. உள்ள தையல் பிரிஞ்சா பார்வை போயிடும். அப்புறம் எந்த டாக்டராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

ஞானமணி பேச ஆரம்பித்தாள். மிளகாய் பற்றிச் சொன்னாள். நிலா எவ்வளவு தூரம் என்று சொன்னாள். மூன்று பாஷை பற்றிச் சொன்னாள். எங்காவது தப்பாகச் சொன்னால் அப்பா அவள் காதைத் தொடுவார். சிலேட்டில் சரியானதை எழுதிக் காட்டுவார். அவள் திருத்திச் சொல்வாள்.

ஒரே நாளில் அவளிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. வாய் வலித்தது. நைனா எப்படி வருடக்கணக்காகப் பேசுகிறார் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் மதியம் அவள் தன்னை அறியாமல் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திடுக்கிட்டு விழித்தபோது தாத்தாவின் குரல் கேட்டது.

"போதும்! போதும்! கட்டை அவுத்துடுங்க! நான் வீட்டுக்குப் போறேன்!"

தாத்தாவின் கைகள் காற்றில் தடவின. ஒரு கை கட்டை நோக்கிப் போனது. ரத்னம்மா ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்தாள். "தாத்தா, அசையாதே! கண்ணு போயிடும்!"

"விடும்மா! மூச்சு முட்டுது! யாருமே இல்ல இங்க!"

அப்பா அங்கேதான், கட்டில் பக்கத்திலேயே இருந்தார். அவர் வாய் திறந்தது. 'நாகையா' என்று கூப்பிடப் போகிறார் என்பது ஞானமணிக்குத் தெரிந்துவிட்டது. அவள் பாய்ந்து போய் அப்பாவின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். இன்னொரு கையால் தாத்தாவின் தோளைப் பிடித்தாள்.

ஒரு பக்கம் பேசினால் குரல் போய்விடும். இன்னொரு பக்கம் அசைந்தால் கண் போய்விடும். நடுவில் அவள் ஒருத்தி.

என்ன சொல்வது? காலையில் பேப்பரில் படித்த ஒன்று அவள் வாயில் வந்தது.

"தாத்தா, நிலாவுக்குப் போறாங்களே மூணு பேரு, அதுல ஒருத்தர் நிலாவுல எறங்க மாட்டாராம்!"

தாத்தாவின் கை நின்றது.

"எறங்க மாட்டானா? அவ்ளோ தூரம் போயா?"

"ஆமா தாத்தா. ரெண்டு பேர் சின்ன வண்டியில எறங்குவாங்க. மூணாவது ஆள் பெரிய வண்டியிலயே இருந்து நிலாவைச் சுத்திச் சுத்தி வந்துக்கினு இருப்பாரு. எறங்கினவங்க திரும்பி வரணும் இல்ல? வண்டியை யாராவது பாத்துக்கணுமே!"

தாத்தாவின் தலை மெல்லத் தலையணையில் பதிந்தது.

"டிரைவர்" என்றார்.

"ஆமா, டிரைவர் மாதிரிதான்."

"மாதிரி இன்னா? டிரைவரேதான்!" தாத்தா நீளமாக மூச்சு விட்டார். "பாப்பா, இதே திருப்பதிக்கு எவ்ளோ ஸ்பெஷல் பஸ் ஓட்டியிருக்கேன், தெரியுமா? ஜனங்க எல்லாம் கோவிந்தா கோவிந்தான்னு எறங்கி ஓடுவாங்க. மொட்டை போட்டுக்கினு, லட்டு துன்னுக்கினு சிரிச்சுக்கினே திரும்பி வருவாங்க. அதுவரைக்கும் நான் வண்டியிலயே இருப்பேன். மூட்டை முடிச்சு எல்லாம் இருக்குமே!"

"நீங்க மேல போய் சாமியே பாக்கலையா?"

"ரெண்டு மூணு தரம் போயிருக்கேன். ஆனா மனசெல்லாம் வண்டிமேலதான். ஹேண்ட் பிரேக் போட்டேனா இல்லையான்னு." தாத்தா லேசாகச் சிரித்தார். "அந்த ஆளுக்கு அங்க யாரு துணை?"

"யாரும் இல்ல. ரேடியோவுல பேசுவாங்க. ஆனா நிலாவுக்கு அந்தப் பக்கம் போனா ரேடியோவும் கேக்காதாம். கொஞ்ச நேரம் தனியாவே இருப்பாராம். இந்தப் பக்கம் வந்ததும் மறுபடியும் பேசுவாங்க."

"ஓகோ. பேசலைன்னாலும் ஆள் இருக்காங்கன்னு அவனுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றாள் ஞானமணி.

அப்போது அப்பா ஒரு காரியம் செய்தார். ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டார். தாத்தாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

தாத்தா அந்தக் கையைத் தடவிப் பார்த்தார். நடுவிரலில் பேனா பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடத்தைத் தொட்டார்.

"சார் கை. தெரியுது" என்றார். "சரி பாப்பா. அந்த டிரைவர் வீட்டுக்குத் திரும்பற வரைக்கும் நானும் அசைய மாட்டேன்."

அதற்குப் பிறகு ஞானமணி தூங்கினாலும், சாப்பிடப் போனாலும் பயமில்லை. அப்பாவின் கை அங்கே இருந்தது. கையை மாற்றிப் பிடிக்கும்போது அப்பா தாத்தாவின் விரலை லேசாகத் தட்டுவார். தாத்தா பதிலுக்குத் தட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பெரிய பெரிய பேங்குகளை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது என்ற செய்தி வந்தது. அப்பாவால் அடக்க முடியவில்லை. சிலேட்டின் இரண்டு பக்கமும் எழுதினார். அழித்துவிட்டு மறுபடியும் எழுதினார். ஞானமணி படித்துப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

"நைனா நல்லதுதான்னு சொல்றாரு. ஆனா இன்னும் யோசிக்கணுமாம்" என்று சுருக்கமாகச் சொன்னாள்.

"இன்னும் யோசிக்கணுமா? அப்ப இது சாரேதான்" என்றார் தாத்தா.

திங்கட்கிழமை காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தார். "எறங்கிட்டாங்க! இப்ப வெளிய வந்து நடக்கப் போறாங்க!" என்று சொல்லி, கூடத்தின் நடுவில் இருந்த மேஜையில் வைத்தார்.

கொரகொரவென்று இரைச்சல். அதற்குள்ளிருந்து இங்கிலீஷ். கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவர்கள் எல்லோரும், "ஏமி? ஏமி? இன்னா சொல்றாங்க?" என்று கேட்டார்கள். டாக்டரை யாரோ உள்ளே அவசரமாகக் கூப்பிட, அவர் ரேடியோவை விட்டுவிட்டு ஓடினார். ரத்னம்மா தனக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை என்றாள்.

அப்பா ரேடியோவில் காதை வைத்தார். சிலேட்டில் எழுதினார். ஞானமணி படித்துத் தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை சத்தமாகச் சொன்னாள்.

"ஏணியில எறங்கறாங்க! ஒரு கால் வெச்சாச்சு! நிலாவுல கால் வெச்சாச்சு! தரை பொடிப்பொடியா இருக்குதாம். மாவு மாதிரி!"

கட்டில்களில் இருந்து கைத்தட்டல் எழுந்தது. யாருடைய தலையும் அசையவில்லை. கைகள் மட்டும் மேலே எழுந்து தட்டின.

மூலைக் கட்டிலில் இருந்த லட்சுமம்மா தெலுங்கில் கேட்டாள். "அக்கட நீள்ளு உன்னாயா?"

"தண்ணி இல்லையாம்" என்றாள் ஞானமணி.

"தண்ணிகூட இல்லாத ஊருக்கு எதுக்குப் போனாங்க?"

அப்பாவின் கண்கள் மின்னின. எவ்வளவு நல்ல கேள்வி! சிலேட்டின் ஓரம்வரைக்கும் நெருக்கி நெருக்கி எழுதினார். பின்பக்கமும் எழுதினார். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஞானமணி முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள்.

"கல்லு எடுத்துட்டு வர" என்றாள்.

கூடமே சிரித்தது. அப்பா அவளை முறைத்தார். பிறகு அவருக்கும் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நாகையா தாத்தா மட்டும் வேறு ஒன்று கேட்டார். "எறங்கினவங்க கதை சரி. டிரைவர் எப்படி இருக்கான்?"

"மேல சுத்திக்கினு இருக்காரு தாத்தா. நல்லா இருக்காராம்."

"நல்லா இருக்கட்டும்" என்றார் தாத்தா.

அடுத்த மூன்று நாளும் தாத்தா காலையில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மற்ற கட்டில்காரர்களும், "டிரைவர் எங்க வந்துக்கினு இருக்கான்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இருபத்தைந்தாம் தேதி விடிந்தது. டாக்டர் கட்டு அவிழ்க்க வந்தார். கையில் கத்தரிக்கோலோடு அவர் குனிந்தபோது தாத்தா, "கொஞ்சம் இருங்க. பாப்பா, அவன் வந்துட்டானா?" என்று கேட்டார்.

"வந்துட்டாங்க தாத்தா! மூணு பேரும் பத்திரமா கடல்ல எறங்கிட்டாங்க. காலையில ரேடியோவுல சொன்னாங்க."

"அப்ப அவுத்துக்கலாம்" என்றார் தாத்தா.

கட்டு சுற்றுச் சுற்றாகப் பிரிந்தது. டாக்டர் பஞ்சை எடுத்தார். ஈரத் துணியால் மெல்லத் துடைத்தார். தடித்த கண்ணாடி ஒன்றைத் தாத்தாவின் மூக்கில் மாட்டினார்.

தாத்தா கண்ணைச் சிமிட்டினார். தண்ணீர் வழிந்தது. மறுபடியும் சிமிட்டினார். எதிரே பார்த்தார்.

"இது யாரு? பாப்பாவா? நான் கடைசியா உன்னை நல்லாப் பாத்தப்போ இத்தனூண்டு இருந்தே! இவ்ளோ உசரம் வளந்துட்டியா?"

ஞானமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

தாத்தா பக்கத்தில் திரும்பினார். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "சார்! உங்களுக்கு என்ன இது, தலையெல்லாம் இப்படி நரைச்சுப் போச்சு?"

அப்பா வாயைத் திறந்தார். ஞானமணி பதறிப்போய்க் கையைத் தூக்கினாள். அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. இன்றைக்கு இருபத்தைந்தாம் தேதி!

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். இத்தனை நாள் பேசாமல் இருந்தவர், நிலாவில் மனிதன் நடந்ததைக்கூடப் பேச முடியாமல் இருந்தவர், முதல் முதலாக என்ன சொல்லப் போகிறார்?

"நரையெல்லாம் இல்ல நாகையா!" என்றார் அப்பா. குரல் கரகரவென்று வந்தது. ஆனால் அவருடைய குரலேதான். "அது சுண்ணாம்பு! ஒரு வாரமா இந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கினு இருந்தேன்!"

ரத்னம்மா ஈரத் துண்டால் அப்பாவின் தலையைத் துடைத்துப் பார்த்தாள். பாதி சுண்ணாம்பு. பாதி நரைதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஞானமணியைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மதியம் சித்தூர் பஸ்சில் ஜன்னல் ஓர சீட்டில் தாத்தா உட்கார்ந்தார். நடுவில் ஞானமணி. இந்தப் பக்கம் அப்பா.

டாக்டர் மெதுவாகப் பேசச் சொல்லியிருந்தார். அப்பா மெதுவாகத்தான் பேசினார். ஆனால் நிறுத்தவே இல்லை. தண்ணீர் இல்லாத நிலாவுக்கு மனிதன் ஏன் போனான் என்பதை லட்சுமம்மாவுக்குச் சொல்ல முடியாமல் போனதெல்லாம் இப்போது வெளியே வந்தது. பேங்கு வந்தது. அதிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து கடல், கடலிலிருந்து உப்பு. ஞானமணி அவர் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் கரகரத்த குரல் அவளுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

பஸ் சந்திரகிரியை நெருங்கியது. வெயிலில் பாறைமலை பளபளத்தது. மலையடிவாரத்தில் கோட்டை நின்றது. வயலில் நாற்று பச்சையாக அசைந்தது. சாலையோரத்தில் ஒரு பெண் சிவப்புச் சேலையில் தலைச்சுமையோடு போனாள்.

"அதாவது நாகையா, கடல் தண்ணி ஏன் உப்பா இருக்குதுன்னா..."

"சார்" என்றார் தாத்தா. ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருங்க. நான் பாத்துக்கினு வரேன்."

அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. நைனா வருத்தப்படுவாரோ என்று ஞானமணி நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

அவர் ஞானமணியின் தலைக்கு மேலாக எட்டி, தாத்தா பார்க்கிற அதே ஜன்னல் வழியாகத் தானும் பார்த்தார். ஞானமணியும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

வழியில் பாகாலா ஊர் வரும் வரைக்கும் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.